அறிதலும் அறிவித்தலும்

கரியாஹாட் நாற்சந்தியைச் சுற்றி நகைக்கடைகள் பல. அவற்றுள் சிலவற்றின் வாயிலில், தங்கத்தின் அன்றைய விலை எழுதிய பலகைக்கு அருகில் மற்றொரு பலகையும் தொங்கும். இன்ன ஜோதிடர் இன்னின்ன கிழமைகளில் மாலை வேளையில் உள்ளே அமர்ந்திருப்பார் என்பது அதில் உள்ள செய்தி. ஜோதிடர் கையைப் பார்ப்பார், குறையைக் கண்டறிவார், அக்குறையைத் தீர்க்கும் கல் அதே கடையின் கண்ணாடிப் பேழையில் இருக்கும். அலுவலகம் முடிந்து காய்கறிப் பையுடன் அவ்வழியே வரும்போதெல்லாம், அங்கே காத்திருப்போரைக் கண்டு உள்ளுக்குள் நகைப்பது என் வழக்கமாக இருந்தது. மாயவரத்தில் பி.ஏ. படித்த நாளில் கைக்குக் கிடைத்த சில பகுத்தறிவு நூல்கள் தந்த செருக்கு அது. இரண்டாண்டுகளுக்கு முன் அந்தச் செருக்கு அடங்கியது. வருவதை முன்கூட்டி உரைக்கும் தாள் ஒன்று, ஜோதிடரிடமிருந்து அன்று, ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து, என் கைக்கே வந்து சேர்ந்தது. அதனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வங்கக் குடும்பம். தந்தை அச்சகம் ஒன்றில் கணக்கர். மகனுக்கு அப்போது பதினாறு வயது, மகளுக்குப் பன்னிரண்டு. பையன் பந்தாட்டப் பித்தன். முழங்காலுக்குக் கீழே வலி என்று அவன் சொன்னபோது, விளையாட்டில் பட்ட அடி என்றே அனைவரும் எண்ணினர். களிம்பும் ஒத்தடமுமாக இரண்டு திங்கள் கழிந்தன. இரவில் வலி மிகுந்து தூக்கம் கெட்டபோதுதான் எக்ஸ்ரே எடுத்தனர். பின்னர்க் கட்டியிலிருந்து ஊசிவழி எடுத்த சிறு துணுக்கைச் சோதித்தனர். எலும்பில் தோன்றும் புற்று என்று விடை வந்தது. ஈவிங் சார்க்கோமா என்பது அதன் பெயர்.

கொல்கத்தாவில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. கரியாஹாட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹாஜ்ராவில் உள்ள சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைத்தவர் ரேடியம் கண்ட மேரி கியூரியின் மகளாகிய ஐரீன் ஜோலியோ கியூரி. தாமும் அறிவியலில் நோபல் பரிசு பெற்ற அந்த அம்மையார், ஆறே ஆண்டுகளில் இரத்தப் புற்றினால் மறைந்தார். இராஜர்ஹாட்டில் 2011-இல் தொடங்கிய டாட்டா மருத்துவ மையமும் உண்டு. ஆயினும் வங்காளிகளுக்குத் தென்னாட்டு மருத்துவத்தின்மீது உள்ள பற்று நாம் அனைவரும் அறிந்தது. வேலூரில் இறங்கினால் விடுதிகளின் பெயர்ப்பலகைகள் வங்க எழுத்தில் வரவேற்கும். கோரமண்டல் விரைவு வண்டியில் நாம் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, எதிர் இருக்கையில் மருத்துவக் கோப்பினை மடியில் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றைக் காணாத பயணம் அரிது. இந்நகரில் வாழும் தமிழர் எவருக்கும், 'எங்களோடு ஒருமுறை வந்து பேசித் தர முடியுமா?' என்ற வேண்டுகோள் ஒருநாள் வந்தே தீரும். எனக்கும் வந்தது. மத்திய அரசு எழுத்தருக்கு உரிய விடுப்பில் பதினைந்து நாளை எழுதிக் கொடுத்துவிட்டு உடன் சென்றேன்.

அந்தத் தென்னாட்டு மருத்துவமனையின் பெயர் இங்குத் தேவையில்லை. சென்ற பத்தாம் நாள் மரபணு அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதனைத் தந்தை இரவெல்லாம் படித்தார். விடியுமுன் விடுதித் தாழ்வாரத்தில் என்னை எழுப்பி, "தாதா, நாளை மருத்துவர் இதைப்பற்றி என்ன சொன்னாலும் இவன் தாயிடமும் இவனிடமும் சொல்ல வேண்டாம்" என்றார். நான் தலையசைத்தேன். அந்நேரத்தில் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

மறுநாள் நால்வரும் மருத்துவர் முன் அமர்ந்தோம். நான் தமிழன் என்று அறிந்ததும் அவர் தமிழிலேயே பேசத் தொடங்கினார். ஏறக்குறையக் கால் மணி நேரம் பேசினார். ஒரு தாளில் கோடு வரைந்தும் காட்டினார். இரு படிக்கட்டுகள் இடமிருந்து வலமாக இறங்கின. ஒன்று சற்றே இறங்கி நின்றது. மற்றொன்று மேலும் தாழ்ந்து சென்றது. தாழ்ந்த படிக்கட்டின் அருகே ஓர் எண்ணை எழுதினார். அந்த எண்ணை இங்கு எழுதப் போவதில்லை, அது அவர்களுடையது. அவர் பேசி முடித்ததும் நான் வங்க மொழியில் மூன்று வாக்கியங்கள் சொன்னேன். நோய் இன்னது. மருந்து பல சுற்றுகளாக ஏற்றுவார்கள், இடையில் அறுவை உண்டு. காலை எடுக்காமலேயே காப்பாற்ற முயல்வார்கள். மூன்றும் உண்மை. பொய் ஒன்றும் நான் சொல்லவில்லை.

அந்த அறிக்கையில் இருந்தது யாது என்பதை நான் பின்னர்க் கற்றுக்கொண்டவரையில் கூறுகிறேன். மரபணு அடையாளம் என்பதில் இருவகை உண்டு. அலுவலக மொழியில் சொன்னால், ஒன்று கோப்பின் எண் போன்றது. இது எந்தத் துறையின் கோப்பு, எந்த அலமாரிக்கு உரியது என்று அது சொல்லும். ஈவிங் சார்க்கோமாவில் அத்தகைய எண் ஒன்று உண்டு. 1921-இல் ஜேம்ஸ் ஈவிங் என்னும் அமெரிக்க அறிஞர் விவரித்த இந்நோயில், பெரும்பாலோருடைய கட்டியில் 11ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம்மாறி ஒட்டிக்கொண்டிருப்பது 1980களில் கண்டறியப்பட்டது. அவ்வொட்டில் இணையும் மரபணுக்கள் எவை என்பது 1992-இல் தெளிவாயிற்று. இந்த அடையாளம் இருந்தால் நோய் இதுவே என்று துணியலாம். மருந்தைத் தேர்ந்தெடுக்க இது பெரிதும் உதவும். இதில் அறச்சிக்கல் ஏதும் இல்லை.

மற்றொரு வகை, இக்கோப்பு எப்படி முடியும் என்று உரைப்பது. இருபது ஆண்டு எழுத்தர் பணியில், கோப்பின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் இது திரும்பி வரும், இது கையெழுத்தாகும் என்று நானும் ஊகிப்பதுண்டு. பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறும்போது வியப்பாக இருக்கும், அவ்வளவே. உயிரைப் பற்றிய ஊகத்தில் அந்த 'அவ்வளவே' இல்லை.

இவ்வகை அடையாளத்தின் வரலாற்றில் ஒரு பகுதி என்னை மிகவும் உலுக்கியது. முன்சொன்ன 11, 22 ஒட்டு எல்லோரிடமும் ஒரே இடத்தில் நிகழ்வதில்லை. அதில் வகைகள் உண்டு. முதல் வகை ஒட்டு உள்ளவர்கள் ஏனையோரைவிட நன்கு பிழைக்கிறார்கள் என்று 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தேர்ந்த அறிஞர்கள் செய்த நேர்மையான ஆய்வே அது. பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2010-இல் ஐரோப்பாவில் ஒன்றும் அமெரிக்காவில் ஒன்றுமாக இரு பெரிய ஆய்வுகள் வெளியாயின. நோயாளிகளைத் தொடக்கம் முதலே ஒழுங்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒட்டின் வகைக்கும் பிழைப்புக்கும் தொடர்பே தென்படவில்லை. இடைக்காலத்தில் மருத்துவம் வலுப்பெற்றதனால் பழைய வேறுபாடு மறைந்திருக்கக் கூடும் என்பது அவர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. அதாவது, குறி அப்படியே இருக்க, அதன் பொருள் மாறிவிட்டது! கையில் உள்ள ரேகை மாறாமலிருக்க, பலன் மாறியது போல. இதில் அறிவியலுக்கு இழுக்கு இல்லை. தன் கூற்றைத் தானே திருத்திக்கொள்வது அதன் பெருமை. கரியாஹாட் ஜோதிடர் தம் கூற்றைப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திரும்பப் பெற்றதாக நான் கேட்டதில்லை. ஆனால் என் நெஞ்சில் நின்ற கேள்வி வேறு. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், 'உன் பிள்ளைக்கு நல்ல வகை ஒட்டு இல்லை' என்று எங்கோ ஒரு தாயிடம் சொல்லியிருந்தால், 2010-இல் அவளைத் தேடிச் சென்று, 'அம்மா, அந்தச் செய்தி செல்லாது' என்று சொன்னவர் யார்?

2014-இல் வேறோர் அடையாளம் வந்தது. ஸ்டாக்2, டி.பி.53 என்னும் இரு மரபணுக்களும் ஒருங்கே பழுதுற்ற கட்டிகள் கொடியவை என்று அவ்வாண்டில் வெளியான ஆய்வு காட்டியது. சில நூறு பேரின் கட்டிகளை ஆராய்ந்ததில், இரண்டு பழுதும் சேர்ந்திருந்தவர் ஒரு சிறு கூட்டம். பையனின் அறிக்கையில் இருந்தவை இவ்விரண்டே. தாழ்ந்த படிக்கட்டு அக்கூட்டத்தினுடையது.

அப்படியானால் மருந்தை மாற்றுவார்களா என்று நான் மருத்துவரிடம் தமிழில் கேட்டேன். "இல்லை. எல்லோருக்கும் தரும் அதே மருந்துதான். இது கொடியது என்று தெரிவதால் கூடுதலாகத் தருவதற்கு எங்களிடம் நிரூபணமான வேறு ஒன்று இல்லை" என்றார். ஒளிவு மறைவற்ற அந்த விடையை நான் மதிக்கிறேன். எலும்புப் புற்றில் முதன்மையானதாகிய ஆஸ்டியோசார்க்கோமாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. முதற்கட்ட மருந்துக்குக் கட்டி நன்கு மடியாதவர்களுக்கு எதிர்காலம் அவ்வளவு நன்றாக இராது என்பது நெடுநாள் அறிந்த செய்தி. இது மரபணுக் குறி அன்று. அறுத்தெடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது. அத்தகையோருக்கு மேலும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று பதினேழு நாடுகள் ஒன்றுகூடி, 2005 முதல் 2011 வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்த பேராய்வு ஒன்றின் முடிவு 2016-இல் வெளிவந்தது. கூடுதல் மருந்தால் துன்பம் கூடியது, பலன் கூடவில்லை. முன்கூட்டி அறிய முடிந்தது. அறிந்ததைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

தந்தையின் வாதத்திற்கு இது வலுவான துணை. ஒன்றும் செய்ய இயலாத செய்தியைச் சொல்லி என்ன பயன்? தாய் உண்ண மாட்டாள். பையன் மனம் ஒடிவான். மருந்தைத் தாங்கும் உறுதியும் போய்விடும். வள்ளுவரும் இங்கே தந்தையின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். பழுதில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் உண்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வாய்மை அதிகாரத்தில் அவர் இடம் தந்திருக்கிறார். நம் வீடுகளில் நோயாளியிடம் உண்மையை மறைக்கும் ஒவ்வொருவரும், குறளைப் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில்தான் ஒதுங்குகிறோம். நானும் அன்று ஒதுங்கினேன். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை மிகக் கடியது. பழுதில்லாத நன்மை என்கிறார். பழுதில்லை என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? பொய் சொல்பவனுக்கா, அதைக் கேட்பவனுக்கா?

அன்று மாலை தந்தை பணம் கட்டச் சென்றிருந்தார். பையன் உறங்கினான். வங்க வழக்கப்படி நான் பௌதி என்று அழைக்கும் அந்த அம்மையார் விடுதி அறையின் வாயிலில் அமர்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "தாதா, மருத்துவர் அவ்வளவு நேரம் பேசினாரே, நீங்கள் மூன்றே வாக்கியம் சொன்னீர்கள். தமிழ் அவ்வளவு நீளமான மொழியா?" என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாக மேலதிகாரிகளின் கேள்விக் குறிப்புகளுக்கு விடை எழுதிப் பழகிய எனக்கு அதற்கு விடை வரவில்லை. தடுமாறி, "செய்ய வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டேன். விட்டது, நம்மால் ஒன்றும் செய்ய இயலாத செய்தி" என்றேன். அவர் அரிசித் தட்டைக் கீழே வைத்தார். "மருத்துவர் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நான் செய்வதற்கு இருக்கிறது. அவன் மாமா வீட்டில் ஆறாண்டாகப் பேச்சு இல்லை. என் மாமியார் அவனைப் பார்க்க வேண்டும் என்கிறார். அடுத்த பூஜைக்குப் பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். அவன் கேட்ட கிட்டாரை வாங்கித் தரவில்லை. எது எவ்வளவு அவசரம் என்று எனக்கு யார் சொல்வார்கள்?"

பயன் என்ற சொல்லை நாங்கள் மூவரும், மருத்துவரும் தந்தையும் நானும், எவ்வளவு குறுக்கிவிட்டோம் என்று அப்போது உணர்ந்தேன். மருந்தை மாற்றாத செய்தி வாழ்க்கையை மாற்றக் கூடும். ஒரு தாய் எதை முன்னே வைப்பாள், எதைப் பின்னே தள்ளுவாள் என்பது எந்த ஆய்வுத் தாளிலும் அளக்கப்படுவதில்லை.

என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஒருவகை, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வருபவை. அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, தகவல் எதற்காக வேண்டும் என்று கேட்பவர் காரணம் கூறத் தேவையில்லை என்கிறது. தொடக்கத்தில் எங்களில் பலருக்கு இது எரிச்சலூட்டியது. 'இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்யப் போகிறார்?' என்று முணுமுணுப்போம். அந்தக் கேள்வியையே சட்டம் தடுத்துவிட்டது. விடையளிக்க முப்பது நாள் தவணை; தகவல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதானால் 48 மணி நேரம். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் வரும் முன்பின் அறியாத ஒருவருக்கு இந்த உரிமையை மறுக்காமல் கொடுத்து வந்த நான், பக்கத்து வீட்டுத் தாய்க்குத் தன் மகனின் உயிரைப் பற்றிய தகவலை மறுத்து அமர்ந்திருந்தேன்.

எங்கள் மாயவரத்துப் பக்கத்தில்தான் திருக்கடையூர் இருக்கிறது. அறுபதும் எண்பதும் நிறைந்தோர் மாலையும் கழுத்துமாக அங்கே கூடுவதைப் பார்த்தே வளர்ந்தோம். நீண்ட ஆயுளைக் கொண்டாடும் அந்தத் தலத்தின் கதையோ பதினாறு வயதுப் பிள்ளை ஒருவனின் கதை. மார்க்கண்டேயனுக்கு ஆயுள் பதினாறு என்பது பெற்றோருக்குத் தெரியும்; அவர்கள் மறைத்து வைத்திருந்தார்கள். நாள் நெருங்க நெருங்க அவர்கள் முகம் வாடியது. வாடிய முகத்தைப் பார்த்துப் பிள்ளை கேட்டான், அப்போது சொன்னார்கள். சொன்ன பிறகே அவன் புறப்பட்டுப் போய் இலிங்கத்தைப் பற்றினான். சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது எமனை உதைத்த இடமே எனக்குப் பிடித்தது. இப்போது நினைக்கையில், பிள்ளை கேட்ட இடமும் பெற்றோர் வாய் திறந்த இடமுமே கதையின் நடு எனத் தோன்றுகிறது. முகத்தை மறைக்க அவர்களால் முடியவில்லை. எவராலும் முடிவதில்லை. மூன்று வாக்கியங்களைக் கொண்டே பௌதி கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் மார்க்கண்டேயன் கதைக்கும் நம் கதைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அவனுடைய பதினாறு, அவனுக்கே என்று விதிக்கப்பட்ட எண். ஆய்வுக்கூடம் தரும் எண் அத்தகையது அன்று. அது ஒரு கூட்டத்தின் கணக்கு. இந்நகரின் வடபுறத்தில் பராநகரில் அமைந்துள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931-இல் மஹலனோபிஸ் நிறுவினார். பலரை அளந்து கூட்டத்தைப் பற்றிப் பேசும் கலையை இந்நாட்டுக்குக் கற்பித்த ஊர் இது. அக்கலையின் முதற்பாடம், கூட்டத்தைப் பற்றிய கூற்று அதில் உள்ள ஒருவனைப் பற்றிய தீர்ப்பு ஆகாது என்பது. நூற்றுக்கு ஐம்பது பேர் பிழைப்பர் என்றால், எவரும் பாதி பிழைப்பதில்லை.

1970களில் இரு இளைஞர்கள் ஆஸ்டியோசார்க்கோமாவுக்கு ஒரு காலை இழந்தனர். 1973-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய எட்வர்டு கென்னடி. அமெரிக்க செனட்டர் எட்வர்டு கென்னடியின் மகன். 1977-இல் கனடா நாட்டு டெரி பாக்ஸ்; வயது பதினெட்டு. பாக்ஸிடம் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றும், இரண்டாண்டுக்கு முன்னராயின் அது பதினைந்தாகவே இருந்திருக்கும் என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் கொடுத்தது ஆராய்ச்சி என்று உணர்ந்த அவர், ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980-இல் செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலில் தோன்றியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், இருபத்திரண்டு வயதில் மறைந்தார். கென்னடியோ வளர்ந்து, வழக்கறிஞராகி, கனெக்டிகட் மாநிலச் செனட் உறுப்பினராகவும் பணியாற்றினார். ஒரே நோய், ஏறக்குறைய ஒரே காலம். அக்காலத்து எண் எதுவும் இவர்களுள் யார் எவர் என்று பிரித்துச் சொல்லியிராது. மரபணு அடையாளங்கள் வந்த பின்னரும் நாம் செய்திருப்பது கூட்டத்தைச் சிறு கூட்டங்களாகப் பிரித்ததே, ஒருவனாகப் பிரிக்கவில்லை. அச்சிறு கூட்டங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரைக் கொண்டு அமைந்தவை. நம் மக்களின் மரபணுத் தொகுதிகள் பத்தாயிரத்தை வகைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு, ஆராய்ச்சியாளர்க்கென 2025 ஜனவரியில்தான் வெளியிடப்பட்டது. சியால்தாவில் ரயில் ஏறினால் சென்றடையும் கல்யாணியில் இத்துறைக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 2009 முதல் இயங்குகிறது என்பதை, அவ்வழியில் பலமுறை சென்றும் நான் அறியாதிருந்தேன்.

இதையெல்லாம் அன்று பௌதியிடம் நான் சொல்லவில்லை. அன்று எனக்கு இவற்றில் பாதி தெரியாது. தந்தைக்குக் கொடுத்த வாக்கை நினைத்து வாய்மூடி இருந்தேன். நெஞ்சு துணிந்து நான் செய்தேன் என்று எழுத ஆசைதான், உண்மை அதுவன்று. சிக்கலை அவிழ்த்தது வேறொரு சோதனை.

டி.பி.53 மரபணுவின் பழுது இருவழியில் வரலாம். பெரும்பாலும் அது கட்டியில் மட்டுமே புதிதாகத் தோன்றும். மிகச் சிலரில் பிறவியிலேயே உடலெங்கும் இருக்கும். அப்போது அது குடும்பத்தில் இறங்கி வரும். 1969-இல் லீ, ஃப்ராமேனி என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் அத்தகைய குடும்பங்களை முதலில் எடுத்துக்காட்டினர்; அதற்குக் காரணம் இம்மரபணு என்பது 1990-இல் தெரிந்தது. குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றிலும் இவ்வாறே. ஆர்.பி.1 என்னும் மரபணுவின் பழுதைப் பிறவியிலேயே பெற்ற குழந்தைகள் கண்நோயிலிருந்து பிழைத்து வளர்ந்தபின் எலும்புப் புற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி. கதிர்வீச்சு பெற்றிருந்தால் இன்னும் மிகுதி. இங்கே அறிதல் வெறும் அறிதலன்று. பிறவிப் பழுது என்று தெரிந்தால் கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பர். உடன்பிறந்தாரையும் சோதித்து ஆண்டுதோறும் கண்காணிப்பர். மருத்துவர், பையனின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்; அதில் இருந்தால் தங்கையையும் சோதிக்க வேண்டும் என்றார்.

தந்தை இடிந்து போனார். மகனிடமும் மனைவியிடமும் மறைத்தது போக, இப்போது பன்னிரண்டு வயது மகளின் கையில் ஊசி குத்தக் காரணம் சொல்ல வேண்டும். ஒரு மறைப்பைக் காக்க எத்தனை மறைப்புகள்! அன்றிரவு அவரே என்னிடம் வந்து, "நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது" என்றார். நான் மறுத்தேன். என் வாயிலிருந்து வந்தால் அது அரைகுறையாகவே வரும்; மருத்துவர் சொல்லட்டும், நான் வரிக்கு வரி மொழிபெயர்க்கிறேன் என்றேன். அவருக்கு அதில் மனத்தாங்கல். பல நாள் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் மருத்துவர் செய்தது எனக்குப் பெரும் பாடமாயிற்று. எண்ணை எடுத்தவுடன் சொல்லவில்லை. பையனைப் பார்த்து, "உன் நோயைப் பற்றி எங்களுக்குச் சில செய்திகள் தெரியும். எவ்வளவு அறிய விரும்புகிறாய்? இப்போதே வேண்டுமா, பிறகா, வேண்டாமா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். நாங்கள் இத்தனை பேர் இத்தனை நாள் சொல்வதா வேண்டாமா என்று மன்றாடினோமே, அவனைக் கேட்கலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை! பையன் சிறிது நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு, "காக்கு, மருந்து எத்தனை நாள், எப்போது பந்து விளையாடலாம் என்று கேளுங்கள். எண் வேண்டாம். அம்மாவுக்கு வேண்டுமானால் அம்மாவிடம் சொல்லட்டும்" என்றான். பந்து விளையாடுவது பற்றிய விடை நல்லதாக இல்லை. அதை நேராகச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பற்றிக் கேட்டான்.

அவனும் தந்தையும் வெளியே சென்றபின், பௌதி எண்ணைக் கேட்டார். அது அவருக்கு முழுதாகச் சொல்லப்பட்டது. பலரைப் பார்த்துக் கண்ட கணக்கு என்பதும், இவன் எந்தப் படியில் நிற்பான் என்பதை அக்கணக்கு சொல்லாது என்பதும், அந்தக் கணக்கே நாளை மாறலாம் என்பதும் எண்ணோடு சேர்த்தே சொல்லப்பட்டன. இவற்றைப் பின்குறிப்பாகச் சொல்லியிருந்தால் எண் பொய்யாகிவிட்டிருக்கும் என்பது என் துணிபு. அவர் அழுதார். அன்றிரவும் உண்டார். மறுநாள் காலை தம் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினார்.

இரத்தச் சோதனையின் விடைக்கு மூன்று வாரம் காத்திருந்தார்கள். நான் அதற்குள் கொல்கத்தா திரும்பிவிட்டேன். பழுது கட்டியில் மட்டுமே, பிறவியில் இல்லை. தங்கைக்குச் சோதனை தேவைப்படவில்லை. அச்செய்தியைத் தந்தை என்னிடம் நேரில் சொல்லவில்லை, பௌதி சொன்னார்.

சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகப் போகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஒரு பகுதியை எடுத்து உலோகம் பொருத்தியிருக்கிறார்கள். மூன்று திங்களுக்கு ஒருமுறை நுரையீரலைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். இதுவரை குறை இல்லை. கிட்டார் இரவு பத்து மணிக்கு மேலும் ஒலிக்கிறது. முன்னாளில் இதைப் பற்றிக் கட்டடச் செயலாளரிடம் புகார் எழுதியிருப்பேன். தந்தையின் மோதிர விரலில் பவளக் கல் ஒன்று புதிதாகத் தெரிகிறது, கரியாஹாட்டில் வாங்கியது. என்ன விலை என்று நானும் கேட்கவில்லை, நகைக்கவும் தோன்றவில்லை.

சென்ற வாரம் அவர் நெடுநாளைக்குப்பின் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த பரிசோதனைக்குக் கோரமண்டலில் இடம் பதிவு செய்ய வேண்டுமாம். இந்த முறை நால்வரும் செல்கிறார்கள், நானும் வர இயலுமா என்று கேட்டார். பின்னால் நின்ற பௌதி, "தாதா, மருத்துவர் எவ்வளவு நேரம் பேசுகிறாரோ அவ்வளவு நேரம் நீங்களும் பேச வேண்டும்" என்றார். ஐந்து இடங்களுக்குப் பதிவு செய்திருக்கிறேன்; விடுப்பு விண்ணப்பம் இன்னும் மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது.